எந்த வன்னியைச் சொல்கிறீர்கள்?

பளையில் உயர்தரம் படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். அவளுடைய வீடு குடாநாட்டைப் பெருநிலத்தோடு இணைக்கும் ஆனையிறவுக்கு வடக்கே, யாழ்ப்பாணக் குடாநாட்டு மண்ணில் இருக்கிறது. தென்னந்தோட்டம், மணல், வளவுக் கிணறு என்று எல்லாமே குடாநாட்டுச் சாயல்தான். ஆனால் அந்த இடம் பச்சிலைப்பள்ளிப் பிரதேச செயலாளர் பிரிவுக்குள் வருகிறது. பச்சிலைப்பள்ளி கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே பல்கலைக்கழக அனுமதி என்று வரும்போது அவளுக்குப் பார்ப்பது கிளிநொச்சி மாவட்ட வெட்டுப்புள்ளி, அதாவது அனுமதிக்குத் தேவையான ஆகக் குறைந்த புள்ளி. அதே ஏ9 வீதியில் கொஞ்சம் வடக்கே, எழுதுமட்டுவாளில் இருக்கும் அவளுடைய மச்சாளுக்கு யாழ்ப்பாண மாவட்ட வெட்டுப்புள்ளி. இரண்டு பேரும் ஒரே இசட் புள்ளி (உயர்தரப் பெறுபேற்றைத் தரப்படுத்திக் கணிக்கும் புள்ளி) எடுத்தாலும் ஒருத்திக்கு மருத்துவபீடம் கிடைத்து மற்றவளுக்குக் கிடைக்காமல் போகலாம். சரி, அப்படியானால் அவர்கள் வேறு வேறு பிரதேசத்துப் பிள்ளைகளா? பாராளுமன்றத் தேர்தல் வரட்டும்: கிளிநொச்சித் தொகுதி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் இருப்பதால் இருவரும் ஒரே விருப்பு வாக்குப் பட்டியலுக்குத்தான் புள்ளடி போடுவார்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே கிடக்கும் வட இலங்கைப் பெருநிலப்பரப்பைத்தான் பொதுவாக வன்னி என்கிறோம். பளைப் பிள்ளை வன்னிப் பிள்ளையா என்ற கேள்விக்கு இதனால் ஒரே பதில் இல்லை. நிலவமைப்பைக் கேட்டால் இல்லை. மாவட்டத்தைக் கேட்டால் ஆம். தேர்தல் ஆணைக்குழுவைக் கேட்டால் கிளிநொச்சி நகரமே வன்னி இல்லை. புவியியலில் பிரதேசம் என்ற கருத்து ஏன் இவ்வளவு காலம் சர்ச்சைக்குரியதாக இருக்கிறது என்று விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. ஆனாலும் நம் பாடக்குறிப்புகளில் அமெரிக்கச் சோள வலயமும் ஜேர்மனியின் ரூர் பள்ளத்தாக்கும்தான் வந்துகொண்டிருக்கின்றன. வவுனியாவில் இருக்கும் பிள்ளை கண்ணால் காணாத சோளத்தை மனப்பாடம் செய்கிறது.

பிரதேசம் என்பது, ஏதோ ஓர் அளவுகோலை வைத்து, சுற்றியுள்ள நிலத்திலிருந்து பிரித்தெடுத்துக் காட்டக்கூடிய நிலப்பரப்பு. முழுச் சிக்கலும் அந்த அளவுகோலில்தான் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல புவியியலாளர்கள் பிரதேசத்தை இயற்கை ஏற்கெனவே வெட்டி வைத்த துண்டாகவே பார்த்தார்கள். பிரித்தானியரான ஹேர்பேட்சன் 1905-இல் காலநிலை, நிலவமைப்பு, தாவரம் ஆகியவற்றை வைத்து உலகத்தையே இயற்கைப் பிரதேசங்களாகப் பிரித்துப் படம் போட்டார். 1939-இல் அமெரிக்கரான ரிச்சர்ட் ஹார்ட்ஷோர்ன் இந்த நம்பிக்கையை அசைத்தார். எல்லைக்கோட்டைப் போடுவது ஆய்வாளரின் மனம், நிலம் தானாகக் கோடு போட்டுத் தருவதில்லை என்பது அவருடைய வாதத்தின் சாரம். பிரதேசங்களை முறைசார் பிரதேசம், செயற்பாட்டுப் பிரதேசம், மனப்பதிவுப் பிரதேசம் என்று மூன்றாக வகுப்பது இன்றைய வழக்கம். இந்த மூன்றையும் வன்னியின்மீது வைத்துப் பார்த்தால் மூன்று வேறு வேறு படங்கள் வருகின்றன.

முறைசார் பிரதேசம் என்றால் உள்ளே எங்கே போனாலும் ஒரே இயல்பு தெரியவேண்டும். மழையிலிருந்து தொடங்கலாம். இலங்கையில் ஆண்டு மழை 1,750 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் உலர் வலயம், 2,500-க்கு மேலே போனால் ஈர வலயம், நடுவில் இருப்பது இடை வலயம். வன்னி முழுக்க உலர் வலயம்தான். ஆனால் யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் அநுராதபுரமும்கூட உலர் வலயம்தான். மழையை மட்டும் வைத்துக்கொண்டு வன்னியைத் தனியாக வெட்டி எடுக்க முடியாது. விவசாயத் திணைக்களம் மழையோடு மண்ணையும் உயரத்தையும் சேர்த்து நாட்டை முதலில் 24 விவசாயச் சூழலியல் பிரதேசங்களாகவும் பின்னர் 46 உபபிரதேசங்களாகவும் பிரித்தது. அதில் வன்னி ஒரே துண்டாக நிற்கவில்லை. முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களிமண்ணும் நெடுங்கேணிச் செம்மண்ணும் ஒரே கணக்கில் சேர மறுக்கின்றன.

புவிச்சரிதவியலாளர் சொல்வது இன்னும் வேடிக்கையானது. இலங்கையின் பழைய பாறைகளை அவர்கள் பிரித்த தொகுதிகளில் ஒன்றுக்கு 1990-களின் தொடக்கத்தில் வன்னித் தொகுதி என்று பெயர் வைத்தார்கள். அது தெற்கே குருநாகல் பக்கமும் தாண்டிப் போகிறது. வடக்கிலோ அது சுண்ணக்கல்லுக்கு அடியில் மறைந்துவிடுகிறது. அந்தச் சுண்ணக்கல்லும் ஆனையிறவில் நின்றுவிடுவதில்லை. கடல்நீரேரியைத் தாண்டிப் பூநகரி, மன்னார்க் கரையோரம் என்று இறங்கிப் புத்தளம் வரை போகிறது. பாறையைக் கேட்டால் பூநகரிக்காரர் யாழ்ப்பாணத்தாருக்குச் சொந்தம், வன்னிக்காரருக்குக் குருநாகலில் சொந்தக்காரர் இருக்கிறார்கள்.

இருந்தாலும் பாறையிலிருந்துதான் உருப்படியான ஒரு வேறுபாடு பிறக்கிறது. சுண்ணக்கல் மழைநீரை உள்ளே விட்டுச் சேர்த்து வைக்கிறது. அதனால் யாழ்ப்பாணம் கிணற்றை நம்பி வாழ்கிறது, அங்கே சொல்லிக்கொள்ள ஒரு பெரிய ஆறு இல்லை. வன்னியின் கடும்பாறைக்குமேல் மண் ஆழம் குறைவு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டும் மழையை நிலத்துக்குமேல் மறித்துக் கட்டாவிட்டால் அது ஆற்றோடு கடலுக்குப் போய்விடும். அதனால் குளம். ஓமந்தையிலிருந்து மாங்குளம் வரை பஸ்ஸில் போகும்போது ஊர்ப் பெயர்களைக் கேட்டுக்கொண்டு வந்தாலே போதும்: புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம். கடும்பாறை, குளம், மாரி மழையில் விதைக்கும் காலபோக நெல், நடுவே காடு என்று நான்கையும் சேர்த்து அளவுகோலாக வைத்தால் வன்னியின் நடுப்பகுதி தெளிவாகத் தெரிகிறது. ஓமந்தை, நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், முள்ளியவளை, துணுக்காய் எல்லாம் அதற்குள் அடங்கும். விளிம்புக்குப் போகப் போகத்தான் கலங்குகிறது. மன்னார்த் தீவில் ஒரு மீனவரிடம் போய் "நீங்கள் வன்னியோ?" என்று கேட்டுப் பாருங்கள், "நாங்கள் மன்னார்" என்பார். முறைசார் பிரதேசத்துக்கு நடு உண்டு, விளிம்பு கிடையாது. விளிம்பென்று கோடு போட்டுக் காட்டும் எந்தப் படத்தையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

மக்களை அளவுகோலாக வைத்தால் நிலைமை இன்னும் சிக்கலாகும். பழைய வன்னிக் கிராமத்தவர் இருக்கிறார்கள். குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்று யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். 1958, 1977 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள் இருக்கிறார்கள். முசலியிலும் முல்லைத்தீவிலும் முஸ்லிம்கள் உண்டு. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, திரும்பி வந்தும் வராமலும் இருப்பவர்கள் அவர்கள். வவுனியா தெற்கில் சிங்களக் கிராமங்கள் உண்டு. 'வன்னி மக்கள்' என்று ஒரே மூச்சில் எழுதும் கட்டுரைகள் இந்தப் பிரிவுகளைத் தாண்டித்தான் போகின்றன. காணி அனுமதிப்பத்திரம் யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்று கிராம அலுவலரிடம் கேட்டால் அந்த வேறுபாடு உடனே தெரிந்துவிடும்.

செயற்பாட்டுப் பிரதேசத்துக்கு ஒரே இயல்பு தேவையில்லை. ஒரு மையம் வேண்டும், அந்த மையத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் இடையே போக்குவரத்து நடக்க வேண்டும். தென் ஜேர்மனியின் ஊர்களை வைத்து வால்டர் கிறிஸ்டாலர் 1933-இல் மையவிடக் கோட்பாட்டை எழுதியபோது கேட்ட கேள்வி எளிமையானது: எந்த ஊர்க்காரர் எதை வாங்க எங்கே போகிறார்? இதே கேள்வியை வவுனியா பஸ் நிலையத்தில் நின்று கேட்கலாம். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கும் கண்டிக்கும் மன்னாருக்கும் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் பஸ் புறப்படுகிறது. நடத்துநர்கள் கூவும் பெயர்களில் வன்னி இல்லை, எந்தப் பஸ் பலகையிலும் அது எழுதப்பட்டிருப்பதில்லை. செட்டிகுளத்தவருக்கும் நெடுங்கேணியாருக்கும் வவுனியாதான் பட்டணம். கிளிநொச்சியில் ஒருவருக்குப் பெரிய வருத்தம் என்றால் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குத்தான் கொண்டுபோகிறார்கள். மன்னாருக்குப் போகும் ரயில் பாதையோ வவுனியா நகரைத் தொடுவதே இல்லை, அநுராதபுர மாவட்டத்து மதவாச்சியில் பிரிந்து மடு வீதி வழியாகத் தலைமன்னாருக்குப் போகிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் வரைபடத்தை விரித்தால் 1981-இல் உருவான மன்னார் மறைமாவட்டம் மன்னாரையும் வவுனியாவையும் ஒன்றாகப் பிடிக்கிறது, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ் ஆயரின் கீழ் இருக்கின்றன. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்குச் சேரும் சனத்தைப் பார்த்தால் அது வேறொரு வட்டம். முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கெரித்துத் தொடங்கும் அந்தச் சடங்கு, வற்றாப்பளை இருக்கும் நந்திக்கடல் நீரேரிக் கரையை ஒரு இரவுக்கு வன்னி முழுவதற்கும் மையமாக்கிவிடுகிறது. குடாநாட்டாரும் வண்டி கட்டிக்கொண்டு வந்த காலம் உண்டு.

இந்த வகைப் பிரதேசத்தின் எல்லை ஒரு பாலத்தால் மாறிவிடும். பூநகரி நல்ல சாட்சி. நாவற்குழியிலிருந்து கேரதீவு, சங்குப்பிட்டி வழியாக மன்னாருக்குப் போகும் பாதையில் முன்பு கடல்நீரேரியைப் பாதையில் ஏறித்தான் கடக்கவேண்டும் (பாதை என்றால் வாகனங்களை ஏற்றி இறக்கும் தட்டையான படகு, வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன்). அது இல்லாத காலத்தில் பரந்தனுக்கு வந்து ஆனையிறவைச் சுற்றிப் போகவேண்டும். 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தது. மண், மழை, மாவட்டம் எதுவும் மாறவில்லை. ஆனால் பூநகரிக்காரருக்கு யாழ்ப்பாணச் சந்தை கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. மாவட்டச் செயலகத்தில் அலுவல் என்றால் கிளிநொச்சி, மற்றதெல்லாம் யாழ்ப்பாணம் என்று இரண்டு பட்டணத்துக்கு நடுவில் வாழ்கிறார்கள்.

செயற்பாட்டுப் பிரதேசத்தின் எல்லை வருடத்துக்கு வருடம் எப்படி அசைகிறது என்று பார்க்க இரணைமடுவைவிட நல்ல இடம் இல்லை. கனகராயன் ஆறு வவுனியா மாவட்டத்தில் தொடங்கி, முல்லைத்தீவு மாவட்டத்தின் ஊடாக வந்து, கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தை நிரப்பி, மிச்சத்தைச் சுண்டிக்குளம் நீரேரியில் கொட்டுகிறது. மூன்று மாவட்டம், ஒரு வடிநிலம். மழை தாராளமாகக் கிடைக்கும் காலபோகத்தில் குளத்தின்கீழ் உள்ள வயல் எல்லாம் விதைக்கப்படும். கோடை விதைப்பான சிறுபோகம் அப்படி இல்லை. குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, போகக் கூட்டத்தில் உட்கார்ந்து, இந்த முறை இத்தனை ஏக்கர்தான் என்று முடிவெடுக்க வேண்டும். கமக்கார அமைப்புகள், நீர்ப்பாசனப் பொறியியலாளர், மாவட்டச் செயலாளர் எல்லாரும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். வலதுகரைக்கு எவ்வளவு, இடதுகரைக்கு எவ்வளவு, காணி உள்ளவருக்கு எத்தனை பங்கு என்று குரல்கள் உயரும். கூட்டம் முடிந்ததும் இரணைமடுவின் சிறுபோகப் பிரதேசம் அந்த வருடத்துக்கு வரையப்பட்டுவிட்டது. வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவர் ஒரு வருடம் அதற்குள் இருப்பார், அடுத்த வருடம் வெளியே நிற்பார். அவருடைய வயல் ஓர் அங்குலமும் நகர்ந்திருக்காது. புவியியல் வகுப்பை ஒருநாளாவது இந்தக் கூட்டத்தில் நடத்தலாம் என்பது என் எண்ணம்.

மூன்றாவது வகையான மனப்பதிவுப் பிரதேசத்துக்கு வர்த்தமானி கிடையாது. மக்களின் பேச்சிலும் நினைவிலும் இருக்கும் எல்லைகள்தான் அதன் எல்லைகள். கொழும்பில் இரண்டு தமிழர் சந்தித்தால் பேச்சு இப்படிப் போகும்: "தம்பி எவடம்?" "வன்னி, ஐயா." "வன்னியில எவடம்?" "மல்லாவி." அதே தம்பி வவுனியாவில் நின்றால் முதல் பதிலே மல்லாவிதான். கேட்பவர் தூரத்தில் இருக்க இருக்க வன்னி என்ற பெயர் பயன்படுகிறது, கிட்ட வர வர அது கரைந்து ஊர்ப் பெயராகிவிடுகிறது. யாழ்ப்பாணத்து அரச உத்தியோகத்தர் வாயில் நெடுங்காலமாக வன்னி என்றால் காடு, மலேரியா, இடமாற்றம். 'கஷ்டப் பிரதேசம்', 'அதிகஷ்டப் பிரதேசம்' என்று பாடசாலைகளுக்கு அரசாங்கமே வகை வைத்திருக்கிறது. மனதில் இருந்த பிரதேசம் அங்கே கொடுப்பனவாகவும் இடமாற்றப் பட்டியலாகவும் காகிதத்துக்கு வந்துவிட்டது. சிங்களத்தில் வன்னி என்று சொல்பவரின் மனதில் வேறு படம் இருக்கிறது. குருநாகல் மாவட்டத்து வன்னி ஹத்பத்துவும் அநுராதபுரப் பக்கத்துக் குளக் கிராமங்களும் அவருக்கு வன்னிதான். பாறைப் படத்தோடு அது ஓரளவு பொருந்தியும் போகிறது.

போர்க்காலத்தில் இந்த மனப்பதிவுக்கு மண் அணையும் முட்கம்பியும் முளைத்தன. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பெருநிலப்பரப்புக்குத்தான் அப்போது வன்னி என்று பெயர். 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு ஏ9 திறந்தபோது ஓமந்தையில் ஒரு சோதனைச்சாவடி, முகமாலையில் இன்னொன்று. வவுனியா நகரில் இருந்தவர்கள் 'வன்னிக்குள்ள போட்டு வந்தனான்' என்று சொன்னார்கள், தாங்கள் வெளியே இருப்பதுபோல. அதே வேளை இராணுவத்தின் வன்னித் தலைமையகம் வவுனியாவில்தான் இருந்தது. எரிபொருள், பற்றறி, சிமெந்து எல்லாவற்றுக்கும் விலை ஓமந்தைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. 2009 ஜனவரி 2-இல் கிளிநொச்சி வீழ்ந்த பிறகு அந்த வன்னி கிழக்கே சுருங்கிச் சுருங்கி மே மாதம் முள்ளிவாய்க்காலில் ஒரு கடற்கரைத் துண்டாக முடிந்தது. உள்ளே இருந்து வந்தவர்களுக்கு வன்னி என்ற சொல் இன்றும் அந்த எல்லைகளோடுதான் நினைவில் நிற்கிறது. புலம்பெயர்ந்த வாசகர் பலருக்கும் அந்த வன்னிதான் தெரியும்.

இந்த மூன்று வகைக்கும் மேலாக நிர்வாகப் பிரதேசம் உட்கார்ந்திருக்கிறது. பாடப்புத்தகம் அதை முறைசார் பிரதேசத்தின் ஒரு கிளை என்று ஒரு வரியில் முடித்துவிடும், ஏனென்றால் எல்லைக்குள் ஒரே சட்டம். என்னைக் கேட்டால் இதற்குத் தனி அத்தியாயம் வேண்டும். மற்ற எல்லைகளைப் பற்றி வாதாடலாம், இதை மீறினால் படிவம் திரும்பி வரும். 1833-இல் பிரித்தானியர் இலங்கையை ஐந்து மாகாணங்களாகப் பிரித்தபோது அநுராதபுரத்தை உள்ளடக்கிய நுவரகலாவிய வட மாகாணத்துக்குள் இருந்தது. 1873-இல் வடமத்திய மாகாணம் பிறந்தபோது அது பிரிந்தது. 1895-இல் ஜே. பி. லூயிஸ் என்ற அதிகாரி வன்னி மாவட்டங்களுக்கு ஒரு கையேடு எழுதினார். அதில் வன்னி என்றால் வவுனியாவும் முல்லைத்தீவும் மட்டும்தான், மன்னார் இல்லை. 1978-இல் முல்லைத்தீவு தனி மாவட்டமானது. 1984-இல் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து கிளிநொச்சி பிரிக்கப்பட்டது. ஆனால் தேர்தல் மாவட்டங்களின் எல்லை அதற்கு முன்பே போடப்பட்டுவிட்டதால் கிளிநொச்சி யாழ்ப்பாணத்தோடேயே தங்கிவிட்டது. ஆறு ஆசனங்கள் கொண்ட வன்னித் தேர்தல் மாவட்டத்தில் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மட்டும் உண்டு. இப்படித்தான் லூயிஸின் வன்னிக்குள் இல்லாத மன்னார் வாக்குச்சீட்டில் வன்னியானது.

திட்டமிடல் பிரதேசம் இதற்கும் ஒரு படி மேலே போகும். அது இருப்பதை விவரிப்பதில்லை, இல்லாததை உண்டாக்குகிறது. 1980-களில், பாசனமும் குடியேற்றமும் சேர்ந்த அரசாங்கத்தின் மகாவலித் திட்டத்தின் 'எல்' வலயம் முல்லைத்தீவு, வவுனியா, திருகோணமலை, அநுராதபுரம் என்ற நான்கு மாவட்டங்களின் மூலைகளைச் சேர்த்து வரையப்பட்டது. அரசாங்கக் கோப்பில் அது உலர் வலய அபிவிருத்தி. தமிழரைப் பொறுத்தவரை வடக்கையும் கிழக்கையும் இணைக்கும் நிலத்தில் அறைந்த ஆப்பு. மணலாறு என்று ஒருவர் சொல்வார், வெலிஓயா என்று மற்றவர் சொல்வார், இரண்டு பேரும் ஒரே நிலத்தைத்தான் காட்டுகிறார்கள். இன்று வெலிஓயா முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலாளர் பிரிவு. வலயமாகத் தொடங்கிய கோடு குடியிருப்பாகி, குடியிருப்பு வாக்காளர் இடாப்பாகி, நிர்வாக அலகாகவும் ஆகிவிட்டது.

இரண்டு வகைப் பிரதேசம் நேருக்கு நேர் மோதியதைப் பார்க்கவேண்டுமென்றால் மறுபடி இரணைமடுவுக்குத்தான் போகவேண்டும். யாழ்ப்பாணத்தின் கிணறுகளில் உவரும் நைத்திரேற்றும் ஏறிக்கொண்டிருந்ததால், இரணைமடு நீரைக் குழாய் வழியாகக் குடாநாட்டுக்குக் கொண்டுபோக ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு ஒரு திட்டம் போடப்பட்டது. திட்டம் போட்டவர்களின் படத்தில் இருந்தது வட மாகாணம்: ஒரு பக்கம் தண்ணீர் இருக்கிறது, மறுபக்கம் தாகம் இருக்கிறது, நடுவில் குழாய் போட்டால் போதும். கிளிநொச்சிக் கமக்காரரின் படத்தில் இருந்தது குளமும் அதன்கீழ் உள்ள வாய்க்காலும். சிறுபோகத்துக்கே பங்கு போட்டு அடிபடும் தண்ணீரில் இன்னொரு பங்காளியா என்று அவர்கள் கேட்டார்கள். அணைக்கட்டை உயர்த்திக் கூடுதல் நீர் சேர்த்துத் தருகிறோம் என்று சொல்லப்பட்டது. அணை உயர்ந்தது. 2018 டிசம்பரில் பெருமழையோடு வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கண்டாவளைப் பக்கம் வெள்ளத்தில் நின்றது. மாகாணத்தின் படத்தில் அந்த ஊர்கள் ஒரு புள்ளிகூட இல்லை, வடிநிலத்தின் படத்தில் அவைதான் கடைசி வாசல்.

யாழ்ப்பாணத்தவரும் கிளிநொச்சியாரும் பெரும்பாலும் உறவுக்காரர்கள் என்பது இந்தச் சண்டையை இன்னும் கசப்பாக்கியது. அண்ணன் நல்லூரில் கிணறு உவராகிவிட்டது என்பான், தம்பி உருத்திரபுரத்தில் கதிர் வரும் நேரத்தில் வாய்க்கால் காய்கிறது என்பான். கடைசியில் பொறியியலாளர்கள் வேறு பக்கம் திரும்பினார்கள். வடமராட்சி கிழக்கில், தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. தாளையடி யாழ்ப்பாண மாவட்டம். வரைபடத்தில் பார்த்தால் அதற்குப் பக்கத்தில் கிடப்பது பச்சிலைப்பள்ளி.